லாரி அனுப்புகிறவளுக்கு எப்படிச் சம்பளம் போடுவது?

ஸ்டியரிங்கைத் தொடாமலேயே ஐந்து லாரிகளை ஓட்டி, ஐந்துக்கும் சேர்த்துத் திட்டு வாங்குவதுதான் எங்கள் தொழில். இதற்கு ஊரில் ஒழுங்கான பெயர்கூடக் கிடையாது. 'லாரி ஆபீஸ்ல போன் எடுக்கிற அக்கா' என்பார்கள். விசிட்டிங் கார்டில் மட்டும் டிஸ்பேச்சர் என்று இருக்கும். எந்த வண்டி எந்தச் சரக்கோடு எந்த ஊருக்குப் போகும், எந்த டிரைவர் ஓட்டுவார், வரும்போது எதை ஏற்றிக்கொண்டு வருவார் என்பதெல்லாம் என் முடிவு. டயர் பஞ்சரானாலும், சரக்கு வாங்குகிறவர் குடோனைப் பூட்டிவிட்டுப் போனாலும், டிரைவர் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தாலும் மணி அடிப்பது என் போனில்தான். ஒரு காதில் டிரைவர், இன்னொரு காதில் கஸ்டமர் என்று உட்கார்ந்திருக்கும் என் இனத்தாரே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தப்பில்லை.

எங்கள் ஆபீஸ் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில், பட்டறைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஓனர் விக்தோர் சார். நான் அங்கே பில் போடும் கிளார்க்காகச் சேர்ந்தவள். முன்பு இருந்த டிஸ்பேச்சர் துபாய்க்குப் போன அன்று அவர் மேஜையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் எடுத்தேன். அன்றிலிருந்து அது என் போன் ஆகிவிட்டது. ஒரு மாதத்தில் எனக்கு வேலை பிடிபட்டுவிட்டது. அந்த வேலைக்கு எப்படிச் சம்பளம் போடுவது என்பதுதான் ஓனருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்: "இதோ பாரு அமுதா. பில் கிளார்க் சம்பளம் அப்பிடியே வரும். டிஸ்பேச்சுக்குன்னு தனியா ஒரு கணக்குப் போட்டுப் பாக்குறேன். மார்ச் முடியட்டும். சரியா வந்துச்சுன்னா உனக்கு ஆர்டர் அடிச்சு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் புடிச்சு மேனேஜராவே உக்கார வைக்கிறேன். சரிப்படலன்னா என் மச்சான் பாஸ்கல் சும்மாதான் இருக்கான்."

எனக்கு அந்த ஆர்டர் வேண்டும். இதை மறைத்து வைக்க ஒன்றுமில்லை. என் அப்பா கடலுக்குப் போனவர், அண்ணன் இன்றும் போகிறவர். என் வீட்டுக்காரர் உப்பளம் துறைமுகத்துப் பக்கம் போட் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறார். இன்ஜின் கெட்டால் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு, கெடாவிட்டால் ரசம். இந்தத் தேதிக்கு இவ்வளவு வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் எங்கள் குடும்பத்தில் ஒருவர் கைக்கும் வந்ததில்லை. என் கைக்கு வரும் என்று நான் நம்பினேன். வேலை எனக்குத் தெரியும், அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ட்ரிப்புக்கு இவ்வளவு

ஓனர் போட்ட முதல் கணக்கு மிக எளிமையானது. ஒரு வண்டி ஒரு ட்ரிப் போனால் எனக்கு ஒரு தொகை. தூரம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. நான் என்ன அசடா? பெங்களூர் போய்த் திரும்ப மூன்று நாள், அது ஒரு ட்ரிப். அதே மூன்று நாளில் விழுப்புரம், கடலூர், திண்டிவனம் என்று ஒன்பது ட்ரிப் அனுப்பலாம். பெங்களூர் லோடு கேட்டு வந்தவரிடம் "வண்டி இல்லீங்க சார்" என்று மிகவும் வருத்தப்பட்டேன். அவர் அடுத்த ஆபீசுக்குப் போய்விட்டார்.

அந்த மாதம் எங்கள் பெரிய லாரிகளெல்லாம் டவுன் பஸ் மாதிரி சுற்றின. விழுப்புரத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போக வேண்டும். ஒரே வண்டியில் அடங்குகிற சரக்கை இரண்டாகப் பிரித்து, காலையில் ஒன்று மதியம் ஒன்று என்று அனுப்பினேன். "நாற்காலி நசுங்கிடும் சார், கஸ்டமர் நம்மள நம்பிக் குடுக்குறாங்க" என்று ஓனரிடம் காரணம் சொன்னபோது என் முகத்தில் அவ்வளவு அக்கறை இருந்தது. எங்களிடம் சரவணன் என்று ஒரு டிரைவர் உண்டு. ஐந்து பேரில் வயதில் சின்னவன், வாயில் பெரியவன். ஒரே நாளில் கடலூர் ரோட்டில் மூன்றாவது முறையாக அனுப்பியபோது வண்டியை வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டான்: "இன்னாக்கா இது, லாரி ஆபீஸா, ஷேர் ஆட்டோ ஸ்டாண்டா? தவளக்குப்பம் ஒண்ணு, தவளக்குப்பம் ஒண்ணுன்னு கூவி ஆள் ஏத்திடட்டுமா?"

வாடகையில் பங்கு

டீசல் பில்லைப் பார்த்ததும் ஓனர் கணக்கை மாற்றினார். இனிமேல் ட்ரிப் எண்ணிக்கை கிடையாது, வண்டி வாடகையில் எனக்கு நூற்றுக்கு இவ்வளவு என்றார். தூரம் கூடினால் வாடகை கூடும், வாடகை கூடினால் என் பங்கும் கூடும். மறுநாளே விழுப்புரம், கடலூர் எல்லாம் எனக்கு மறந்துபோயின. இந்திய வரைபடத்தைச் சுவரில் ஒட்டினேன். மேலே போகப் போக என் மனம் குளிர்ந்தது.

பக்கத்துப் பட்டறையில் செய்த ஒரு பெரிய இயந்திரம் ஜெய்ப்பூர் போக வேண்டியிருந்தது. வாடகையைக் கேட்டதும் எனக்கு உடம்பே சிலிர்த்தது. அனுப்பிவிட்டேன். போன வண்டிக்குத் திரும்பி வரும் லோடு பிடித்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். தொழில் தெரிந்தவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். எனக்கும் தெரியும், ஆனால் போகிற வாடகையில்தானே பங்கு, திரும்புவதை அப்புறம் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். வண்டி அங்கே ஆறு நாள் நின்றது. ஒரு லோடும் அமையாமல் கடைசியில் காலியாகவே திரும்பியது. நான் என் பங்கை வாங்கிவிட்டேன். டிரைவர் அங்கே குளிர் தாங்காமல் கம்பெனி காசில் ஒரு கனமான ரஜாய் வாங்கியிருந்தார், அதை நேர்மையாக ஆபீசில் ஒப்படைத்தார். ஓனர் அதைப் பிரித்துப் பார்த்தார், மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "உனக்குக் கமிஷன் வந்துச்சு, டீசல் போட்டவனுக்குக் காசு வந்துச்சு. எனக்கு வந்தது இந்தப் போர்வைதான். பாண்டிச்சேரி வெயில்ல இதப் போத்திக்கினு நான் இன்னா பண்றது, சொல்லு."

சொன்ன நேரம்

மூன்றாவது கணக்கு: சொன்ன நேரத்துக்குச் சரக்கு போய்ச் சேர்ந்தால் போனஸ், தாமதமானால் பிடித்தம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். இதில் ஓனர் கவனிக்காத ஒரு சின்ன விஷயம் உண்டு. நேரத்தைச் சொல்லப்போவது யார்? நான்தான். காலையில் கிளம்பி மதியம் சேர்கிற ஊருக்கு, "நாளைக்குச் சாயங்காலம் வந்துடும் சார்" என்று சொல்லத் தொடங்கினேன். அந்த மாதம் ஒரு வண்டிகூடத் தாமதம் இல்லை. என்னைப் போல நேரம் தவறாத டிஸ்பேச்சர் புதுச்சேரியிலேயே கிடையாது என்று ஓனர் நாலு பேரிடம் பெருமை பேசினார். நானும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

கும்பகோணத்தில் ஒரு டைல்ஸ் கடைக்காரர் மட்டும்தான் என் நேர்மையை மெச்சவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். புதன்கிழமை பதினோரு மணிக்கே வண்டி அவர் கடை வாசலில் போய் ஹாரன் அடித்தது. அடுத்த நிமிடம் போன் வந்தது: "மேடம், வியாழக்கிழமைதானேன்னு நம்பி மச்சினிச்சி வளைகாப்புக்கு வந்து பந்தியில உக்காந்திருக்கேன். குடோன் சாவி என் பாக்கெட்ல இருக்கு. முன்னெல்லாம் உங்க வண்டி லேட்டா வரும், நிம்மதியா இருந்தோம். இப்ப என்ன வந்துச்சு உங்களுக்கு?"

ஏழு மணிக்கு நிற்கிற புள்ளி

எல்லாக் கஸ்டமரிடமும் இந்த வித்தை பலிக்காது. சிலர் கறாராக நேரம் கேட்பார்கள். அப்படிப்பட்ட லோடுகளுக்கு நான் ஏழுமலை அண்ணனைத்தான் அனுப்புவேன். ஐம்பதைத் தாண்டியவர், தவளக்குப்பத்துக்காரர், எங்கள் ஐந்து டிரைவர்களில் மூத்தவர். வண்டியில் ஒரு கீறல் விழாது, சரக்கில் ஒரு மூட்டை குறையாது. அவரிடம் ஒரே ஒரு குறைதான். காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் என் கம்ப்யூட்டர் திரையில் அவர் வண்டியின் ஜி.பி.எஸ். புள்ளி அப்படியே நின்றுவிடும். எந்த ரோட்டில் இருந்தாலும் சரி, ஓரம் கட்டிவிடுவார். கால் மணி நேரம் போகும். ஒரு முறை அந்தக் கால் மணி நேரத்தால் குடோன் கேட்டை மூடிவிட்டார்கள், என் போனஸ் போனது. மறுநாள் ஆபீசுக்கு வந்தவரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். ஏழு மணி டீ அவ்வளவு முக்கியமா, தெர்மோசில் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, கொஞ்சம் கூச்சப்பட்டார்.

அவர் மனைவி பூங்காவனத்துக்குச் சர்க்கரை. காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரையால் கண்ணும் மங்கிவிட்டது. ஊசியில் இருக்கிற பொடிக் கோடு அவருக்குத் தெரிவதில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லை. அதனால் ஏழு மணிக்கு வீடியோ காலில் மருந்து ஏற்றிய ஊசியைப் போனுக்கு நேராகப் பிடிப்பாராம். இவர் ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி, கோட்டைப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் குத்திக்கொள்வாராம். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து அவர் ட்ரிப்புக்கு மட்டும் நேரம் சொல்லும்போது இரண்டு கால் மணிகளைச் சேர்த்தே சொன்னேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னது இது: "டீ இல்ல தங்கச்சி. கோடு சரியாத் தெரியணும். பன்னெண்டுல நிக்கணும். இருவதுல நின்னுச்சுன்னு வையி, அவ நிக்க மாட்டா."

மழை நாளும் ஒரு பென்ஷனும்

மழைக்காலத்தில் ஒரு நாள், புயல் கரையைத் தொடும் என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் மூன்று லாரிகள் சென்னைக்குக் கிளம்பியிருந்தன. மரக்காணம் பக்கம் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடுகிறது என்று காலையில் தகவல் வந்தது. கடலோரக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு வானத்தைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். மூன்று பேருக்கும் போன் போட்டு, கடலோர ரோட்டை விட்டுத் திண்டிவனத்தில் ஒரு மேடான பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொன்னேன். "நான் சொல்ற வரைக்கும் சாவியத் தொடக் கூடாது" என்றேன். சென்னைக் கஸ்டமர் ஓனரைக் கூப்பிட்டுக் கத்தினார். ஓனர் என்னிடம் வந்து கத்தினார். "கத்தட்டும் சார், வண்டியும் ஆளும் பத்திரமா இருந்தாதான் நாளைக்கும் கத்த முடியும்" என்றேன். சரக்கு ஒன்றரை நாள் தாமதமாக, ஒரு சொட்டு நனையாமல் போய்ச் சேர்ந்தது. எங்கேயோ ஒரு வெளியூர் லாரி பள்ளத்தில் சரிந்து கிடப்பதை டி.வி.யில் காட்டினார்கள். மாதக் கடைசியில் மூன்று தாமதத்துக்கும் சேர்த்து என் போனஸ் பூஜ்யம்.

எனக்கு ஆத்திரம் வந்தது. நேராக ஓனர் அறைக்குப் போனேன். "சார், ட்ரிப் கணக்குல பாத்தாலும் நின்ன வண்டிக்குக் காசு இல்ல, வாடகைக் கணக்குலயும் இல்ல, நேரக் கணக்குல பிடித்தம். இந்த மாசம் நான் பண்ண ஒரே நல்ல காரியம் வண்டிய நிறுத்துனதுதான்" என்றேன். ஓனருடைய அப்பா மூலை நாற்காலியில் பிரெஞ்சுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு காலத்தில் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இன்றும் மாதம் தவறாமல் அங்கிருந்து பென்ஷன் வருகிறது. ஆபீஸ் விவகாரத்தில் வாயே திறக்காத மனிதர் அன்றைக்குப் பேப்பரை இறக்கிச் சொன்னார்: "விக்தோர், பதினஞ்சு வருசம் நான் துப்பாக்கியப் புடிச்சிக்கினு காவல் நின்னேன். ஒரு நாளும் ஒண்ணுமே நடக்கல. ஒண்ணும் நடக்காததுக்குத்தாண்டா எனக்கு இன்னும் பென்ஷன் அனுப்புறான்."

மார்ச் வரைக்கும் மாப்பிள்ளை

ஓனருக்கு உறைத்ததோ என்னவோ, நேரக் கணக்கை விட்டுவிட்டார். ஆனால் கணக்குப் போடுகிற ஆசை விடவில்லை. ஜனவரியில் கடைசிக் கணக்கோடு வந்தார். எங்கள் தொழிலில் பெரிய தலைவலி டிரைவர்கள் நிற்காமல் போவது. பக்கத்து ஆபீஸ் வண்டியில் ஏ.சி. இருக்கிறது என்று போவார்கள், ஹாரன் நன்றாக இருக்கிறது என்று போனவர்கூட உண்டு. ஒரு டிரைவர் போனால் வண்டி பத்து நாள் சும்மா நிற்கும். அதனால் ஓனர் சொன்னார்: மார்ச் முப்பத்தொன்று வரை ஐந்து பேரில் ஒருவர்கூடப் போகக் கூடாது. போகாவிட்டால் ஏப்ரல் ஒன்றாம் தேதி என் கையில் ஆர்டர். ஒருவர் போனாலும் அந்த நாற்காலியில் பாஸ்கல். பேச்சுக்கே இடமில்லை.

மூன்றே மாதம்தானே, ஐந்து ஆண்களைக் கட்டி மேய்க்க முடியாதா என்று இருந்தேன். பிறந்த நாளுக்குக் கேக் வாங்கினேன். வீட்டு அம்மாக்களுக்கு வாரம் ஒரு முறை போன் போட்டு நலம் விசாரித்தேன். ஒருவருக்கு முதுகு வலி என்றதும் சீட்டுக்குப் புது மெத்தை தைத்துக் கொடுத்தேன். விஷயத்தை வெளியே விடாமல்தான் வைத்திருந்தேன். எப்படியோ சரவணனுக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். அப்புறம் அவன் ஆட்டத்தைக் கேட்க வேண்டுமா? "பக்கத்து ஆபீஸ்ல கூப்புடுறாங்கக்கா" என்று ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும் என்று பொருள். "மனசே சரியில்லக்கா" என்றால் கோயம்புத்தூர் லோடு வேண்டாம், பெங்களூர் வேண்டும் என்று பொருள். ஒரு நாள் டீயில் சர்க்கரை குறைவு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பொறுக்காமல், "டேய், நீ டிரைவரா, எங்க வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையா?" என்று கத்திவிட்டேன். காலை ஆட்டிக்கொண்டே சொன்னான்: "மார்ச் வரைக்கும் மாப்ளதான்க்கா. ஏப்ரல்ல நீங்க பழையபடி திட்டிக்கலாம்."

டிராயரில் இருந்த லைசென்ஸ்

எங்கள் தொழிலில் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. டிரைவர்களின் ஒரிஜினல் லைசென்ஸ் ஆபீஸ் டிராயரில் இருக்கும். ரோட்டில் காட்டுவதற்குப் போனில் இருக்கிற நகல் போதும். தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக என்று சொல்லித்தான் வாங்கி வைப்போம். டிரைவர் சொல்லாமல் ஓடிவிடக் கூடாது என்பதற்காக என்று எல்லாருக்கும் தெரியும். அந்த டிராயர் சாவி என்னிடம் இருந்தது. மார்ச் நான்காவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழுமலை அண்ணன் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். அவர் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவர் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஏழரைக்கு வண்டி எடுத்தால் போதும், மாலை ஐந்துக்கு வீடு. இரண்டு ஊசியையும் பக்கத்தில் இருந்து தானே போட்டுவிடலாம். திங்கட்கிழமை ஒரிஜினல் லைசென்சைக் காட்டிச் சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். "உன் விசயமும் எனக்குத் தெரியும் தங்கச்சி. அதான் ஓனர்கிட்ட போவாம உங்கிட்ட வந்தேன்" என்றார். மார்ச் முடிய இன்னும் ஐந்தே நாள் இருந்தது.

நான் பொய் சொன்னேன். "சாவி ஓனர்கிட்ட இருக்குண்ணா, நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். "சரிம்மா" என்று போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஓனர் ஊரில் இல்லை என்று திங்கட்கிழமை வரை இழுத்தால் போதும். பள்ளிக்கூடத்துக்காரர்கள் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், அவரும் இங்கேயே நின்றுவிடுவார், எனக்கு ஆர்டர் வந்துவிடும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. இதை மனதில் போட்டுப் பார்க்கப் பார்க்க என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. ஒரு வருடமாக நான் செய்த தில்லுமுல்லுகளில் டீசல் வீணானது, ஒருவர் வளைகாப்புப் பந்தியை விட்டு எழுந்தார், அவ்வளவுதான். இது ஒரு பெண்ணின் உடம்பில் ஏறுகிற மருந்தின் அளவு.

சனிக்கிழமை எட்டு மணிக்கு நானே போன் போட்டு வரச் சொன்னேன். அவர் கண் முன்னாலேயே டிராயரைத் திறந்து லைசென்சை எடுத்துக் கொடுத்தேன். "நேத்து பொய் சொன்னேன்ண்ணா, சாவி எங்கிட்டதான் இருந்துச்சு" என்று சொன்னேன். அவர் லைசென்சைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "நேத்தே பாத்தேன் தங்கச்சி, உன் முந்தானையில பின்னு குத்தித் தொங்கிக்கினு இருந்துச்சு. உனக்கும் ஒரு நாளு வேணும்ல, அதான் பேசாம போனேன்."

ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை

ஓனரிடம் நானே போய்ச் சொன்னேன். "அஞ்சு நாளு இழுத்திருக்கக் கூடாதா?" என்றார். "இழுத்திருக்கலாம் சார், இழுக்கல" என்றேன். கெஞ்சவில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி பாஸ்கல் வந்து உட்கார்ந்தார். நான் எதிரே பழைய பில் மேஜைக்குப் போனேன். வீட்டுக்குப் போய் அழுதேன் என்பதை ஒளிப்பானேன், அழுதேன். ஆனால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று ஒரு நிமிடமும் தோன்றவில்லை.

பாஸ்கல் நல்ல மனிதர். யாரையும் அதட்ட மாட்டார். ஒரே ஒரு விஷயம், டவுனில் பழைய வீட்டுக்காரர்களைப் போல மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நாலு மணி வரை படுப்பார். போனும் அவரோடு படுக்கும். இந்த ஊரில் கடைகளே அப்படித்தான் மூடுகின்றன, ஆகவே அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் லாரிக்கு அது தெரியாது. பேக்டரிக்காரர்கள் சரக்கைக் கட்டி முடித்து லோடு சொல்வது மதியம் இரண்டு மணிக்குத்தான். வழியில் போலீஸ்காரர்கள் வண்டியை மடக்குவதும் அந்த நேரத்தில்தான். டிரைவர்கள் அவரைக் கூப்பிட்டுப் பார்த்து அலுத்துப்போய் பில் மேஜை போனில் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "அது என் வேலை இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டே நான் வண்டியை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஏழுமலை அண்ணன் வண்டிக்கு ஆளும் நான்தான் பிடித்தேன். மூன்று வாரம் இப்படி ஓடியது. ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு ஓனர் ஆபீசுக்குள் வந்தபோது, பாஸ்கல் நாற்காலி காலி, நான் ஒரு காதில் டிரைவரும் ஒரு காதில் கஸ்டமருமாகக் கத்திக்கொண்டிருந்தேன். அவர் என் எதிரில் உட்கார்ந்தார். போனை வைக்கும் வரை காத்திருந்து கேட்டார்: "சரி, உங்கிட்டயே கேக்குறேன். இன்னா கணக்குல குடுத்தா நீ இந்த வேலையப் பாப்ப?"

ஆர்டர்

நான் யோசிக்கவே இல்லை. "சார், இந்த ஒரு வருசத்துல நான் ஒழுங்கா அனுப்புனது ரெண்டே ரெண்டு. மழையில மூணு வண்டிய அனுப்பாம வச்சது ஒண்ணு. ஏழுமலை அண்ணாவ வீட்டுக்கு அனுப்புனது ஒண்ணு. இந்த ரெண்டுக்கும் எந்தக் கணக்குல காசு வருமோ, அந்தக் கணக்குல போடுங்க" என்றேன். ஓனர் கால்குலேட்டரை எடுத்தார். ஒரு எண்ணைக்கூட அழுத்தாமல் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். மறு வாரம் ஆர்டர் வந்தது. மாதம் ஒரே சம்பளம், ஒரே எண். ட்ரிப்பும் இல்லை, பங்கும் இல்லை, போனசும் இல்லை, பிடித்தமும் இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருந்தது. வீட்டில் கொண்டுபோய்க் காட்டினேன். என் வீட்டுக்காரர் அதைத் தொடவில்லை. உள்ளே போய்ச் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, பிறகுதான் வாங்கினார். ரொம்ப நேரம் படித்தார். அதில் மொத்தமே ஏழு வரிதான்.

ஏழு வரியில் ஒரு வரி எனக்கு உறுத்தியது. பதவி என்ற இடத்தில் 'பில் கிளார்க்' என்று இருந்தது. மறுநாள் ஓனரிடம் கேட்டேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேனேஜர்னு உன் பேரப் போட்டா வீட்ல எனக்குச் சோறு கெடைக்காதும்மா. மேனேஜரா அவன் தூங்கட்டும், கிளார்க்கா நீ அஞ்சு லாரியையும் ஓட்டு."

லாரி அனுப்புகிறவளுக்கு ட்ரிப்பை எண்ணிச் சம்பளம் போட்டால் ட்ரிப்பை அனுப்புவாள், வாடகையை அளந்து போட்டால் வாடகையை அனுப்புவாள், நேரத்தைப் பார்த்துப் போட்டால் நேரத்தை அனுப்புவாள், எதையும் எண்ணாமல் மாதம் பிறந்ததும் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டால்தான் வேறு வழியில்லாமல் லாரியை அனுப்புவாள்.